சரிவகம்

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.
எனக்குத் தெரிந்தது,
புந்தா அரீனாஸ் சுங்க அலுவலகத்தின்
நான்காம் கேமராவில்.

காணாமல்போன கம்பளிப் பொதி ஒன்றைத் தேடி
செவ்வாய்க்கிழமைப் பதிவை ஓட்டிக்கொண்டிருந்தோம்.
திரையோரம், மேசைக்கு முன்னால்,
ஆணியில் மாட்டிய ஈரக் கோட்டுபோல ஒருத்தி.
"யார் இது, புதுசா?" என்று கேட்டேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
பொதி கிடைத்தது. அது வேறு கதை.

எங்கள் ஊரில் எல்லோருக்குமே
தோள்கள் காதோரம்தான்.
நீரிணையிலிருந்து கிளம்பிவரும் காற்றுக்குக்
கழுத்தை ஒளித்து ஒளித்து
அங்கேயே தங்கிவிட்டவை.
கப்பல் எப்போது வரும்? தோளைக் குலுக்குவோம்.
சம்பளம் கூடுமா? குலுக்குவோம்.
உன் மகள் பேசினாளா?
அதற்கும்.

எலியேசேர் முன்பு ராட்சத நண்டுப் படகில்
கூண்டு இழுத்தவர்.
இப்போது மீன்கிடங்கின் பின்கட்டில்
ஐந்து பார்பெல், ஒரு ஹீட்டர்,
ஒரு ஜிம்.
சாக்பீஸால் சுவரில் முதுகு வரைந்தார்:
பிடரியில் பிறந்து
இரு தோளுக்கும் விரிந்து
நடுமுதுகுக்குக் கீழே கூர்ந்து முடியும் தசை.
ட்ரபீசியஸ் என்றார்.
பள்ளியில் எனக்கு ஒருநாளும் சரியாக வராத
சரிவகத்தின் பெயர்.
இரண்டு பக்கம் இணை,
மற்ற இரண்டும் தம் இஷ்டம்.

நான் கேட்டது
கனத்த டம்பெல்களோடு தோள் குலுக்கும் பயிற்சி.
தெரிந்த வேலை, சீக்கிரம் வரும்.
அவர் என் கழுத்தடியில் இரண்டு விரலை அழுத்திப் பார்த்தார்.
நங்கூரச் சங்கிலியாம்.
"மேல்பாகத்துக்கு முப்பது வருஷமாகக்
காற்றே பயிற்சி கொடுத்திருக்கிறது, நெவென்கா.
ஃபீஸ்கூட வாங்காமல்.
நடுவும் கீழும்தான் பட்டினி."

ஆகவே குலுக்கல் இல்லை.
புல்லப் கம்பியில் தொங்கினேன்;
தொங்கியதோடு சரி.
படகு மோட்டாரைக் கிளப்பக் கயிறு இழுப்பதுபோலக்
குனிந்து டம்பெல்லை விலாவுக்கு இழுப்பது:
இருக்கட்டும்.
பெஞ்சில் குப்புறப் படுத்து
கைகளைக் கவட்டைபோல விரித்து உயர்த்துவது:
இருக்கட்டும்.
எடை ஒரு கிலோ. சிரிக்காதீர்கள்.
பெயரே இல்லாத இடங்களில் எல்லாம் வலித்தது.
இரட்டைக் கயிற்றை முகத்துக்கு நேரே இழுத்து
முழங்கைகளை அகல விரிப்பது:
இது வாரம் மூன்று நாள்.
கடைசியில் இரண்டு வாளி மணலோடு
சுவர்வரை போய்த் திரும்பும் நடை.
"தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே
ஒரு ரசீதைச் செருகியிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்.
விழக்கூடாது."
ரசீது என்றால் எனக்குப் புரியும்.

நவம்பரில் ஒருநாள்,
நகராட்சி தெருமுனைகளில் கயிறு கட்டிய காற்று.
ரோகா தெருவில் அதைப் பற்றி நின்றேன்.
எனக்கு முன்னால் கேக் பெட்டியோடு ஒருத்தி,
பின்னால் ஒரு கடற்படைப் பையன்.
அவன் தொப்பி இந்நேரம் தீவுக்கே போயிருக்கும்.
ஒரு வீச்சு.
முழங்கைகள் தாமாக விரிய,
கயிறு என் முகத்துக்கு வந்தது.
முதுகில் ஏதோ கதவு அடைபடுவதுபோல அடைபட்டது.
பையனின் கை என் இடுப்புப் பட்டையில்.
"மன்னிக்கணும் சென்யோரா, பிடிச்சுக்கலாமா?"
குலுக்கவில்லை நான்.
"பிடி" என்றேன்.
கேக் என்ன ஆனதென்று தெரியாது.

மார்ச்சில்,
மேல்தட்டு முத்திரையை எட்டி எடுக்கையில்
சீருடைக் கோட்டு நடுமுதுகில் பிளந்தது.
மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
மாற்றுக் கோட்டுக்கு மனு, இரண்டு பிரதி.
சேதத்தின் காரணம்:
விபத்து, திருட்டு, தேய்மானம்.
ஒன்றில் டிக் போட வேண்டும்.
நான்காவதாக ஒரு கட்டத்தை நானே வரைந்தேன்.
மேல்கோடும் கீழ்கோடும் ஒழுங்கு,
பக்கங்கள் இரண்டும் சாய்ந்துவிட்டன.
அதற்குள் எழுதினேன்:
உள்ளிருந்து.